வெறுங்கூடைகள்

போன வாரம் உப்பளம் பக்கம் சிக்னலில் நிற்கும்போது எனக்கு முன்னால் ஒரு மீன் வண்டி. பின்கதவின் இடுக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கரைந்த ஐஸ், நனைந்த உமி, துருப்பிடித்த தகரம், எல்லாவற்றுக்கும் அடியில் மீன். பக்கத்து ஸ்கூட்டர் பெண் துப்பட்டாவை மூக்குக்குக் கொண்டுபோனாள். நான் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். பச்சை விழுந்தும் நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள், அடிக்கட்டும் என்று நின்றேன். மற்றவர்களுக்கு அது மீன் வாடை. எனக்கு அது மருந்து வாடை.

விளங்கச் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டி, உட்காரும்போதும் எழும்போதும் முழங்காலை ஒருமுறை விசாரித்துக்கொள்கிற நம் வயசுக்காரர்களுக்கு ஒரு புயலாவது நினைவிருக்கும். எந்த வருஷம் என்று என்னைக் கேட்காதீர்கள். இந்த ஊரில் ஆளுக்கொரு புயல் உண்டு. புயலுக்குப் பெயர் வைக்கிற வழக்கம் அப்போது இல்லை. என்னுடையது எனக்குப் பத்து வயதில் வந்தது. தங்கைக்கு ஏழு.

தங்கைக்கு ஆறு வயதிலேயே சர்க்கரை வந்திருந்தது. பெரியவர்களுக்கு வருவது குழந்தைக்கு எப்படி வரும் என்று தெருவே வந்து விசாரித்தது. மிட்டாய் நிறையக் கொடுத்துவிட்டீர்களா என்றார்கள். இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லியே, கொடுத்துத்தான் விட்டோமோ என்று அம்மா தன்னைச் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தாள். மிட்டாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிய அவளுக்கு இருபது வருஷம் ஆயிற்று.

காலையில் ஒரு ஊசி, சாயங்காலம் ஒன்று. கண்ணாடி சிரிஞ்சு. அதை மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் கொதிக்க வைப்பார்கள். கொதிக்கும் தண்ணீரில் கண்ணாடியும் ஊசியும் பாத்திரத்தின் அடியில் மோதி ஒரு மெல்லிய கிணுகிணுப்பு வரும். அந்தச் சத்தம் கேட்டதும் தங்கை தானாகவே சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாள். அழமாட்டாள். அழாமல் நிற்கிற பிள்ளையைப் பார்ப்பது அழுகிற பிள்ளையைப் பார்ப்பதைவிடக் கஷ்டம்.

டாக்டர் ஒரு விஷயத்தை மட்டும் மூன்று தடவை சொல்லி அனுப்பியிருந்தார். மருந்து எப்பவும் குளிர்ச்சியிலேயே இருக்கணும். அதற்காகவே அப்பா ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினார். பிரான்சுக்குக் குடிபோன ஒரு குடும்பம் விட்டுவிட்டுப் போனது. தோள்கள் உருண்டு, பழைய தந்தத்தின் நிறத்தில், பழைய கார்க் கதவில் இருப்பதுபோல ஒரு கைப்பிடியுடன். உறுமும், உறுமும், பிறகு ஒரு தும்மல் தும்மி அடங்கும். அதன் கதவில் முட்டை வைக்கிற குழிகளில் மருந்துக் குப்பிகள் உட்கார்ந்திருந்தன. எங்கள் வீட்டில் முட்டையோ மீனோ கிடையாது.

அப்பா அரசாங்க ஆபீசில் கிளார்க். புதுச்சேரி அரசாங்கத்தில் வேலை என்றால் உங்களுக்கே தெரியும். ஒருநாள் காரைக்கால், ஒருநாள் ஏனாம், நேரம் சரியில்லையென்றால் மாஹே. அப்பாவுக்கு மாஹேக்கு மாற்றல். ஒரே அரசாங்கம், நடுவில் இரண்டு மாநிலம். அந்த மழைக்காலத்தில் வீட்டில் அம்மா, நான், தங்கை, ஃபிரிட்ஜ்.

புயலை வர்ணிக்க மாட்டேன். எல்லோரும் வர்ணித்தாகிவிட்டது. விடிந்ததும் பார்த்ததைச் சொல்கிறேன். தெருவில் இருந்த வாகை மரம் எதிர்வீட்டு மாடியில் சாய்ந்து கிடந்தது, அசதியில் ஒருத்தர் தோளில் இன்னொருத்தர் சாய்ந்ததுபோல. யாருடையதோ தெரியாத ஒரு கூரைத் தகரம் எங்கள் கிணற்றை மூடியிருந்தது. வெயில் காய்ந்துகொண்டிருந்தது, எதுவுமே நடக்காத மாதிரி. வீட்டுக்குள் வித்தியாசமாக ஏதோ இருந்தது. என்னவென்று புரிய நேரமானது. ஃபிரிட்ஜ் உறுமவில்லை.

அம்மா அதன் கைப்பிடியில் ஒரு துணியைக் கட்டினாள். யாரும் திறக்கக் கூடாது. திறந்தால் குளிர்ச்சி ஓடிவிடும். அப்படிச் சொன்னவளே ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை முடிச்சை அவிழ்த்து, கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டினாள். மறுநாள் மத்தியானம் ஐஸ் தட்டு வெறும் தண்ணீர்த் தட்டானது. இரண்டே குப்பி. மருந்துக்கடையின் ஷட்டர்மேல் ஒரு மின்கம்பம் படுத்திருந்தது. மெட்ராஸ் ரோடு துண்டாகிவிட்டது என்றார்கள், கடலூர் ரோடு தண்ணீருக்குள் என்றார்கள்.

வாகை மரத்தை வெட்ட வந்த ஆள்தான் வழி சொன்னார், கோடாலியைக் கீழே வைக்காமலேயே.

"மருந்துக்கு குளுச்சிதான வேணும்? மீன்காரங்க கிட்ட கேளும்மா. போட்டுங்க போவல, ஐஸு சும்மாதான் கெடக்கும்."

அம்மாவின் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. மீன் வாங்குகிற வீடுகளின் குழாயடிப் பக்கமே போகாதவள். ஆனால் அரைமணி நேரத்தில் குப்பிகளைக் கைக்குட்டையில் சுற்றி, ஒரு டப்பாவில் போட்டு, பெண்பிள்ளைகள் எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு பழைய துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த குப்பத்துக்கு நடந்தாள்.

அங்கே வீடுகள் இல்லை. வீடுகள் இருந்த இடங்கள் இருந்தன. சுவர் நின்றது, கூரை இல்லை. சில இடத்தில் சுவரும் இல்லை, அடுப்பு மட்டும். ஜனங்கள் வலைக்கொட்டகையில் இருந்தார்கள், வலைகளின் மேலேயே பாய் விரித்து. நாங்கள் யாரைக் கேட்பது என்று தெரியாமல் நின்றபோது ஒரு அம்மாள் எழுந்து வந்தாள். நாற்பது வயது இருக்கும். கட்டைக்குரல், கழுத்தில் மஞ்சள் கயிறு, கையில் மீன் செதில் ஒட்டியே பழகின மினுமினுப்பு. மார்க்கெட்டில் மீனை மொத்தமாக வாங்கி ஐஸ் போட்டு வெளியூருக்கு அனுப்புகிறவள். அவளை எல்லோரும் ஐஸ்பெட்டிக்காரம்மா என்றார்கள். நாங்களும் அப்படியே சொன்னோம்.

அவளுடைய பெட்டி ஒரு சின்ன அறை அளவு இருந்தது. மரப்பலகை, உள்ளே தகரம், உமிக்குள் புதைந்து மூன்று ஐஸ் பார். மூடியைத் தூக்கியதும் வந்தது அந்த வாடை. அம்மா ஒரு அடி பின்னால் போனாள். ஐஸ்பெட்டிக்காரம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாம்மா, மருந்துக்கு மீன் வாசம் ஏறிடும்னு பாக்குறியா? குப்பிக்கு ரப்பர் மூடி போட்டிருக்கான். உம் மனசுக்குத்தான் மூடி போடணும்."

கொட்டகையில் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. ஆனால் டப்பாவை நீட்டினாள்.

அன்றிலிருந்து காலையும் சாயங்காலமும் நாங்கள் அங்கே போனோம். ஊசியை அங்கேயே போடுவது என்று ஏற்பாடு. குப்பியை எடுத்துக்கொண்டு வந்து போனால் வழியில் சூடேறிவிடும் என்பது அம்மாவின் கணக்கு. அவர்களுடைய பொது அடுப்பில் எங்கள் சிரிஞ்சு கொதிக்கும். ஆள் உயர அலையில் கட்டுமரம் தள்ளுகிற ஒருவர், கரும்பலகை மாதிரி முதுகு, முதல் நாள் ஊசியைப் பார்த்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் சம்சாரம் விடவில்லை.

"பாருங்கடி. இவுருதான் முந்தாநாளு புயலுகிட்ட ரெண்டு வார்த்த பேசிட்டு வரேன்னு கெளம்புனாரு."

"வாய மூடு."

"நான் மூடிக்கறேன், நீ கண்ண தொற. புள்ளயே சிரிக்குது பாரு."

தங்கை உண்மையாகவே சிரித்தாள். ஊசி வாங்கிக்கொள்ளும்போது அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்.

ஊசி போட்டு இருபது நிமிஷத்துக்குள் அவள் சாப்பிட வேண்டும். இதை யார் அவர்களுக்குச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. இரண்டாம் நாளே ஒரு தனிச் சட்டியில், சாம்பல் போட்டுத் தேய்த்து, மீன் படாமல், கஞ்சி காய்ச்சி வைத்திருந்தார்கள். "எங்க சட்டி இல்ல, புதுசு," என்று ஒருத்தி இரண்டு தடவை சொன்னாள். அம்மா வாங்கிக்கொண்டாள். வழியில் ஸ்டேடியத்துச் சுவர் ஓரம் அதைக் கொட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். கொட்டினேன். வீட்டிலிருந்து எடுத்துவந்த ரொட்டியைத் தங்கை தின்றாள். நான்கு வேளை கஞ்சி வந்தது, நான்கு வேளையும் கொட்டினேன். கூரையில்லாத ஜனங்களின் அரிசி. எழுதும்போதுதான் அந்த அரிசி எனக்குத் தெரிகிறது, கொட்டும்போது தெரியவில்லை. பத்து வயதில் நாம் அம்மாவின் கை. அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் காலை.

ஐஸ்பெட்டிக்காரம்மா எங்களுக்காக வெளியிலேயே காத்திருந்தாள். முகத்தில் ஒரு திருப்தி. "ஐஸு கொறஞ்சி போச்சும்மா. பயந்துடாத. நேத்து நாலு கை கல்லுப்பு போட்டு இடிச்சி, அது நடுவுல புதைச்சி வெச்சிட்டேன். கேரளாவுக்கு வஞ்சிரம் அனுப்பறப்ப அப்டித்தான் பண்ணுவோம். மூணு நாளானாலும் மீனுக்கு கண்ணு செவக்காது."

உப்பு சேர்ந்த ஐஸ் வெறும் ஐஸைவிடப் பல மடங்கு கடுமையாகக் குளிரும் என்பது அவளுக்குத் தெரியும். அது அவள் தொழில். உறைந்தால் செத்துப்போகிற பொருளும் உலகத்தில் உண்டு என்பது மட்டும் தெரியாது. மீன் உறைந்தால் நல்லதுதானே.

குப்பியை எடுத்தாள். சின்னக் கண்ணாடிக்குள் வெள்ளையாக ஒரு கட்டி. இன்னொரு குப்பியின் கழுத்தில் மயிரிழை விரிசல். அம்மா விரிசல் இல்லாததை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டினாள். ஊதினாள். முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். கட்டி கரைந்தது. கரைந்ததில் திரிந்த பால் மாதிரித் துணுக்குகள் மிதந்தன. டாக்டர் ஒருமுறை சொல்லியிருந்தார், துணுக்கு மிதந்தால் தொடாதீங்க.

அம்மா சத்தம் போடவில்லை. போடாததால்தான் கொட்டகை முழுக்கக் கேட்டது.

"இது மீன் இல்ல. எம் பொண்ணக் கொன்னுட்ட."

ஐஸ்பெட்டிக்காரம்மா உப்புக் கையைப் புடவையில் துடைத்தாள். "நல்லா இருக்கட்டும்னுதான்..." என்று ஆரம்பித்தாள். ஊசிக்குப் பயந்த பெரிய மனிதர் எங்களைப் பார்க்காமல் கடலைப் பார்த்தார். அம்மா தங்கையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், ஏழு வயதுப் பிள்ளையை, கைக்குழந்தை மாதிரி. நாங்கள் நடந்தோம்.

ஆஸ்பத்திரியில் கூட்டம். கூரை ஓடு விழுந்தவர்கள், சுவர் இடிந்தவர்கள். நர்ஸம்மா பொறுமையாகத்தான் சொன்னார். அந்த மருந்து இருந்த கொஞ்சமும் முடிந்துவிட்டது. மெட்ராஸிலிருந்து வண்டி கிளம்பிவிட்டது, ரோட்டில் எங்கோ நிற்கிறது, நாளைக்கு வந்துவிடலாம். "படுக்கை தரேன், டிரிப்ஸ் போடலாம். துணிமணி எடுத்துட்டு வந்துடுங்க." நாளைக்கு வந்துவிடலாம் என்கிற அந்த 'லாம்' அம்மாவின் முகத்தில் வழியெல்லாம் ஒட்டிக்கொண்டே வந்தது.

மத்தியானத்துக்குள் தங்கை மாறிவிட்டாள். தண்ணீர், தண்ணீர் என்றாள். சொம்பு சொம்பாகக் குடித்தாள், குடித்ததை வாந்தி எடுத்தாள். வாயில் அழுகின பழம் மாதிரி ஒரு மணம். கண் பாதி மூடி, பாதி திறந்து. அம்மா பாய், தலையணை, ஃபிளாஸ்க் என்று ஒரு மூட்டை கட்டினாள். கட்டியதை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். நான் தங்கையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிடித்திருந்தால் போகமாட்டாள் என்று எனக்கு ஒரு எண்ணம்.

அப்போது வாசலில் ஒரு குரல். மீன்காரியின் குரல். உங்களுக்கு அந்தக் குரல் தெரியும், கடைசி எழுத்தை இழுத்து அடுத்த தெரு வரைக்கும் விடுவார்கள். ஆனால் மீன் பெயர் எதுவும் அதில் இல்லை.

"யம்மோவ். சக்கரைக்கு ஊசி போட்டுக்கறவங்க யாராவது இருக்காங்களா ஊட்ல?"

அம்மா வெளியே போனாள். நான் பின்னால் போனேன். இளவயதுப் பெண். தூறலுக்காகக் கூடையைத் தலையில் கவிழ்த்திருந்தாள். வெறுங்கூடை.

"எதுக்கு கேக்குற?" என்றாள் அம்மா.

"ஒரு பொட்டப் புள்ளைக்கு வேணுமாம். இருந்த மருந்து ஒறஞ்சி போச்சாம். ஒரு குப்பி இருந்தா குடு தாயி, ரெண்டு நாள்ல திருப்பி வாங்கியாந்து குடுத்துடுவாங்களாம்."

"எந்தப் புள்ளைக்கு?"

"தெரியலம்மா. யாரோ ஆபீசரு ஊட்டுப் புள்ளையாம். இது என் தெருவே இல்ல. இந்தத் தெருக்காரிக்குக் காய்ச்சலு. அவ சொல்லித்தான் வந்தேன், சண்டைக்கு வந்துடாத."

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் புள்ள உள்ளதான் படுத்திருக்கு," என்றாள்.

அந்தப் பெண் கூடையை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள். பாயில் கிடந்த தங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இதுவா," என்றாள். பிறகு தனக்குத்தானே, "அப்ப இந்த ஊட்ல இருக்காது," என்று சொல்லிவிட்டு, கூடையைத் திரும்பத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அடுத்த வீட்டு வாசலுக்குப் போய் அதே ராகத்தில் ஆரம்பித்தாள்.

கூடைக்காரிகளுக்கு ஆளுக்கொரு தெரு என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒருத்தி தெருவில் இன்னொருத்தி காலை வைத்தால் கூடையும் கொண்டையும் பறக்கும். தெரு என்றால் வெறும் தெரு இல்லை. எந்த வீட்டில் ரத்தக்கொதிப்பு, கருவாடு வேண்டாம் என்பார்கள். எந்த வீட்டில் பிள்ளை பெற்றிருக்கிறாள், பால்சுறா கேட்பார்கள். எந்த வீட்டில் யார் ஊசி போட்டுக்கொண்டு நாக்கைக் கட்டி வைத்திருக்கிறார்கள். டாக்டர்களுக்குத் தெரியாத இந்த ஊரின் உடம்பு அவர்களுக்குத் தெரியும். அன்று காலை நாங்கள் குப்பத்தை விட்டு வந்த பிறகு ஐஸ்பெட்டிக்காரம்மா கொட்டகைக்குள் போய், எல்லோரும் கூடையை எடுங்கள் என்றாளாம். மீன் இல்லையே என்றார்களாம். கூடையோடு போனால்தான் கதவைத் திறப்பார்கள், வெறுங்கையோடு போனால் நிவாரணம் கேட்க வந்தோம் என்று சாத்திவிடுவார்கள் என்றாளாம். வடக்கே கனகசெட்டிக்குளத்துக்குச் சைக்கிளில் ஒரு ஆள், தெற்கே நோணாங்குப்பத்துக்குப் படகில் ஒரு ஆள். நடுவில் இருந்த ஊர் முழுக்கக் கூடைகள், அவரவர் தெருவில், காய்ச்சல்காரி தெருவுக்கு வேறொருத்தி. கூரை இழந்து ஐந்தாவது நாளில் இருந்த பெண்கள். யாருக்காக என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

இதெல்லாம் பிற்பாடு துண்டுதுண்டாகக் கேள்விப்பட்டது. அன்று எங்களுக்குத் தெரிந்தது, அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று தேய்ந்துகொண்டே போன அந்த ராகம் மட்டும். அம்மா மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவில்லை. ஏன் கிளம்பவில்லை என்று அவளுக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

நாலு மணி இருக்கும். ஐஸ்பெட்டிக்காரம்மா வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு கிழவர், குடை, கஞ்சி போட்ட சட்டை, முட்டிக்கு மேல் மடித்துவிட்ட பேன்ட், சகதியில் வெறும் கால். கையில் கம்பிக்கூடை, கூடைக்குள் ஒரு சின்ன மண்பானை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை நம் ஊரில் சொல்தா என்போம். அவர் ஒரு சொல்தா. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்தார். ஐஸ்பெட்டி வாங்குவதற்கு முன்னால் ஐஸ்பெட்டிக்காரம்மாவும் கூடை தூக்கியவள்தான். அவர் தெரு அவளுடைய பழைய தெரு.

"பொன்ழூர் மதாம்," என்று அம்மாவுக்கு வணக்கம் சொன்னார். "மருந்த இவ கையில குடுத்தனுப்பியிருப்பேன். திரும்பவும் உப்புல போட்டுடுவான்னு நானே வந்தேன்."

ஐஸ்பெட்டிக்காரம்மா வாசலிலேயே நின்றாள். "போதும் முசே, ஊர் பூரா சொல்லியாச்சா," என்றாள்.

பானைக்குள் ஈர மணல். மணலுக்குள் நான்கு குப்பிகள், வெளியூர் எழுத்துப் போட்டவை. இரண்டை எடுத்து அம்மா கையில் வைத்தார். அம்மா, உங்களுக்கு என்று இழுத்தாள்.

"எனக்கு ரெண்டு போதும். அதுக்குள்ள ரோடு வந்துடும். வரலன்னாலும் நான் பாக்கறத எல்லாம் பாத்தாச்சு. ஸ்டவ்வப் பத்த வைங்க."

பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவராம். சிரிஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, விரலால் சுண்டி, தங்கையின் பக்கத்தில் மண்டி போட்டார். "நான் பிரெஞ்சுல எண்ணுவேன். மூணு சொல்றதுக்குள்ள முடிஞ்சிடும். ஆன், த..." மூன்றைச் சொல்லவே இல்லை. "முடிஞ்சிதா?" என்றாள் தங்கை, கண்ணைத் திறக்காமல். "மூணு எங்க?" "மூணு நாளைக்கு," என்றார்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தங்கை குடித்த தண்ணீர் வயிற்றில் நின்றது. தூங்கினாள், அது தூக்கம்தான் என்று எங்களுக்கும் தெரிகிற மாதிரித் தூக்கம். கிளம்பும்போது பானையை எங்களிடமே விட்டுவிட்டு, தன் இரண்டு குப்பிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இது போதும் மதாம். ஈர மணலு, மேல ஈரத் துணி. ஐஸு வேணாம். அல்ஜீரியாவுல இதவிட வெயிலு, அங்கேயே இப்டித்தான் வெச்சிருந்தோம்."

அம்மா தலையாட்டினாள். நம்பவில்லை. டாக்டர் மூன்று தடவை சொன்னதைப் பானையோடு வந்த ஒருவர் ஒரே தடவையில் மாற்ற முடியுமா. வேறு வழியில்லாமல்தான் கரன்ட் வரும் வரை பானையில் வைத்தாள். ஒன்பதாம் நாள் ஃபிரிட்ஜ் உறுமியதும் முதல் வேலையாகக் குப்பிகளை முட்டைக் குழியில் உட்கார வைத்தாள். பல வருஷம் கழித்து, ஒரு சின்ன வயசு டாக்டர் பேச்சுவாக்கில் என்னிடம் சொன்னார், அந்த மருந்து நிழலில், அதிக வெயில் படாமல், வெளியிலேயே ஒரு மாதம் தாங்கும் என்று. மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். அதாவது, குப்பத்துக்கு நாங்கள் நடந்திருக்கவே வேண்டாம். ஐஸ் வேண்டாம், உப்பு வேண்டாம். அலமாரியில் வைத்துவிட்டுச் சும்மா இருந்திருந்தால் போதும். தங்கையிடம் சொன்னேன். அவள் இப்போது தன் மருந்தைக் கைப்பையில், சீப்புக்கும் சாவிக்கொத்துக்கும் நடுவில் போட்டுக்கொண்டு ரயிலில் ஆபீஸ் போகிறவள். "நல்லவேளை நமக்குத் தெரியல," என்றாள்.

ரோடு திறந்ததும் அப்பா வந்தார். கதையைக் கேட்டார். சொல்தாவின் வீட்டைத் தேடிப் போய், புதுக் குப்பிகள் இரண்டைக் கொடுத்து, கைகொடுத்துவிட்டு வந்தார். மாஹேக்குப் போனபிறகும் பொங்கலுக்கு அவருக்கு வாழ்த்து அட்டை போட்டார். ஐஸ்பெட்டிக்காரம்மாவுக்கு எதுவும் போடவில்லை. மருந்தைக் கெடுத்தவள் என்ற இடத்தில் அவள் எங்கள் வீட்டுப் பேச்சில் பல வருஷம் இருந்தாள். எழுத முகவரியும் இல்லை. பெயரும் தெரியாது. நாங்கள் கேட்டிருக்கவில்லை. அவள் எங்கள் பெயரைக் கேட்காமல் விட்டதும் நாங்கள் அவள் பெயரைக் கேட்காமல் விட்டதும் ஒன்றில்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அந்த மாதமே அப்பா எங்களையும் மாஹேக்குக் கூட்டிப்போய்விட்டார். அங்கே வேறொன்று வாங்கிக்கொண்டு, இந்த ஃபிரிட்ஜை விற்றுவிட்டோம். திரும்பி வந்தபோது நான் பாவாடை தாவணி போடுகிற பெண். குப்பத்தில் புதுக் காலனி வீடுகள், கொட்டகை இருந்த இடத்தில் சுவர். விசாரித்தேன். எந்த ஐஸ்பெட்டிக்காரம்மா என்று கேட்டார்கள். இப்போது நிறையப் பேரிடம் ஐஸ்பெட்டி இருந்தது.

அவளைக் கடைசியாகப் பார்த்தது அந்த ஐந்தாம் நாள் சாயங்காலம்தான். சொல்தா குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அவள் இன்னும் எங்கள் வாசலில், படிக்குக் கீழே, தூறலில் நின்றுகொண்டிருந்தாள். அந்த ஒரு மணி நேரமும் அவள் உட்காரவில்லை என்று அப்போதுதான் பார்த்தேன். ஊரெல்லாம் உடைந்த ஓடும் கண்ணாடியும் கிடந்த நாள். அவள் நின்ற இடத்துத் தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது.

அம்மாவும் அதைப் பார்த்தாள். காலையில் சொன்ன சொல் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. அதை எடுப்பது எப்படி என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. முந்தானையைக் கையில் சுற்றினாள், பிரித்தாள்.

"தூங்குறாளா?" என்றாள் ஐஸ்பெட்டிக்காரம்மா.

"தூங்குறா."

"வாந்தி?"

"நின்னுடுச்சி."

"சரி."

அம்மா படியிறங்கி மழைக்குள் வந்தாள். "உள்ள வாங்க," என்றாள். அதுவரைக்கும் அவளை நீ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "கால்ல ரத்தம். மஞ்சள் வெச்சி விடறேன். ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போகலாம்."

ஐஸ்பெட்டிக்காரம்மா காலைக் குனிந்து பார்த்தாள், வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல. கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு தெருமுனைப் பக்கம் திரும்பினாள்.

"வேணாம்மா, நான் போறேன். கெடச்சிட்டுதுன்னு தெரியாம இன்னும் பொண்ணுங்க தெருத்தெருவா கேட்டுக்கிட்டே சுத்துறாளுங்க. போய் நிறுத்தணும்."